வேப்பமரம் திரையில் உறுத்துகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அடிமரத்தைப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவமாக எடுக்கிறோம். கிளைகளை நிரல் வளர்த்துத் தருகிறது. இலைகளை ஸ்கேனரில் வைத்துப் படமெடுக்கிறோம். மூன்றும் தனித்தனியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றுசேர்த்த பிறகுதான் ஏதோ ஒன்று உறுத்துகிறது. அந்த உறுத்தலை அறிகுறியாகப் பிரித்து, அது எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று தேடிப் போகும் வழிமுறை இது.

எடுத்துக்காட்டுக்கு வேம்பை வைத்துக்கொள்வோம். பிளவுபட்ட பட்டை, கூட்டிலை, நுனியில் அடர்ந்து உள்ளே வெறுமையாக இருக்கும் தலை என்று எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரு மரத்திலேயே கிடைத்துவிடுகின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் மரத் தொகுப்புகளில் குளிர்நாட்டு மரங்களே மிகுதி. நம் ஊர்த் தெரு ஒன்றைக் கணினியில் எழுப்ப நினைப்பவர் வேம்பைத் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கீழே முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளான பிளெண்டர், விளையாட்டு எஞ்சின்களான அன்ரியல், யூனிட்டி ஆகியவற்றின் பெயர்கள் வரும். வேறு மென்பொருளில் பொத்தான் வேறிடத்தில் இருக்கலாம். நோயும் மருந்தும் மாறுவதில்லை.

எதையும் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை. எல்லா மெட்டீரியலையும் (மேற்பரப்பின் நிறம், பளபளப்பு அமைப்பு) கழற்றிவிட்டு, மரம் முழுவதற்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கை அடியுங்கள். உறுத்தல் அப்போதும் தெரிந்தால் குறை வடிவத்திலோ நார்மலிலோ (மேற்பரப்பு எத்திசை பார்க்கிறது என்று வெளிச்சத்துக்குச் சொல்லும் தகவல்) இருக்கிறது. மறைந்துவிட்டால் டெக்ஸ்சரில், அதாவது மேலே போர்த்திய படத்தில், இருக்கிறது. பக்கத்தில் சரியாக இருந்து, விலகிப் போகும்போதோ காற்று வீசும்போதோ மட்டும் தெரிந்தால் மிப்மேப் (தொலைவுக்கெனச் சிறிதாக்கிய டெக்ஸ்சர்), எல்ஓடி (தொலைவுக்கென எளிமையாக்கிய வடிவம்), காற்று அமைப்பு ஆகியவற்றில் ஒன்று. மரத்தைப் பொறுத்தவரை குறை கண்ணில் படும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. பட்டையின் நிறத்தை நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் இந்தச் சாம்பல் நிறச் சோதனைதான்.

அடிமரம் இரண்டாகப் பிரிந்து வருகிறது, அல்லது பட்டை இரட்டையாகத் தெரிகிறது

புகைப்படங்களை மென்பொருள் இரண்டு குழுக்களாகப் பிரித்து அடுக்கியிருக்கிறது. அல்லது ஒரே குழுவாக அடுக்கியும், சுற்றின் முடிவு தொடக்கத்தோடு பொருந்தாமல் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. படங்களை முப்பரிமாணமாக்கும் மெட்டாஷேப், ரியாலிட்டிகேப்சர் (இப்போது ரியாலிட்டிஸ்கேன்), மெஷ்ரூம் எதில் செய்தாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அடுத்தடுத்த படங்களுக்குள் பொதுவான பகுதி போதவில்லை.

வேப்பமரம் பெரும்பாலும் மதில் ஓரத்திலோ மேடைக்கு நடுவிலோ நிற்கும். மதில் பக்கம் வரும்போது ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்த கேமரா திடீரென்று அரை மீட்டருக்கு வந்துவிடுகிறது. மென்பொருள் அங்கேதான் தடுமாறுகிறது. நெருங்குவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். இடையில் நாலைந்து படங்களாவது இருக்கட்டும். பத்து பாகைக்கு ஒரு படம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 36 படங்கள். இடுப்பு உயரம், தலை உயரம், கையை உயர்த்திப் பிடித்து ஒன்று என மூன்று சுற்றுகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றின் கடைசிப் படமும் முதல் படம் காட்டிய இடத்தை மறுபடி காட்ட வேண்டும். அடுத்தடுத்த படங்களில் 70 விழுக்காடு ஒரே பகுதி இருந்தால் கவலையில்லை.

படங்கள் போதுமான அளவு இருந்தும் பிரிகிறது என்றால், அசையும் பொருள்களைப் பாருங்கள். வேம்பில் கட்டிய மஞ்சள் துணி, அடியில் ஆடும் புல், பட்டைமேல் விழும் இலை நிழல். இந்த மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. படமெடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆனால், அதற்குள் நிழல் கை அகலம் நகர்ந்துவிடும். நிழலின் விளிம்பை மென்பொருள் பட்டையின் அடையாளமாக நம்பிவிடும். துணியையும் புல்லையும் மாஸ்க் போட்டு மறைக்கலாம். நிழலுக்கு மருந்து நேரம்தான்: வெயில் ஏறுமுன் விடிகாலை, அல்லது மேகம் மூடிய நாள். ஐப்பசி, கார்த்திகை மேகம் இதற்கு நல்லது. ஆனால் மழை விட்டவுடன் ஓடாதீர்கள். ஈரப் பட்டை கறுத்துப் பளபளக்கும், அந்தக் கறுப்பு டெக்ஸ்சரில் நிலைத்துவிடும்.

கொய்யா, யூகலிப்டஸ் போன்ற வழுவழுப்பான பட்டைகளில் அடையாளமே குறைவு. அங்கே மரத்தைச் சுற்றி எழுத்து நிறைந்த சிறு காகிதத் துண்டுகளை ஒட்டி எடுத்து, பிறகு டெக்ஸ்சரில் அவற்றை அழிப்பது எளிது.

பட்டைப் பிளவுகள் மழுங்கியிருக்கின்றன

சாம்பல் நிறத்திலும் மழுங்கியிருந்தால் படங்களே காரணம். ஏதேனும் ஒரு படத்தைத் திறந்து நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, ஒரு பிளவின் உள்பக்கத்தைப் பாருங்கள். மண்துகள் தெரிகிறதா, அல்லது பழுப்புப் பூச்சாக இருக்கிறதா? கைபேசிக் கேமரா இரைச்சலை நீக்குகிறேன் என்று முதலில் அழிப்பது இந்த நுணுக்கத்தைத்தான். கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா வடிவில் எடுங்கள். துளை எஃப்/8 அளவில், ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரைக்குள் இருக்கட்டும். விடிகாலை வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகிவிடும் என்பதால் முக்காலி வேண்டும்.

சாம்பலில் கூர்மையாக இருந்து, டெக்ஸ்சர் போட்டதும் மழுங்கினால் அது கணக்குப் பிழை. சுற்றளவு 1.6 மீட்டர் உள்ள அடிமரத்தைச் சுற்றி 4096 பிக்சல் விரித்தால் மீட்டருக்கு 2560 பிக்சல் கிடைக்கும். அதுவே 1024 ஆனால் மீட்டருக்கு 640. கண் எதிரே நிற்கும் மரத்துக்கு இது போதாது. சாலைக்கு அப்பால் நிற்பதற்குத் தாராளம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளையை ஒட்டும்போது மறுபடி தேவைப்படும்.

இரவுக் காட்சியிலும் மரத்தின் ஒரு பக்கம் வெயில் அடிக்கிறது

எடுத்த நேரத்து வெளிச்சம் நிறத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டது. லேசான வேறுபாடு என்றால் அஜிசாஃப்ட் இலவசமாகத் தரும் டீ-லைட்டர் போன்ற கருவி சமாளிக்கும். பளிச்சென்ற வெயில் திட்டுகளை எந்தக் கருவியும் முழுமையாக நீக்காது. மறுபடி படமெடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிளவுகளுக்குள் இருக்கும் இருட்டும் இதே வகைதான். வெளிச்சம் நுழையாத இடத்தின் நிழலை நிறம் என்று எண்ணி விட்டுவைத்தால், விளையாட்டு எஞ்சின் தன் பங்குக்கு இன்னொரு நிழலைப் போட்டு, பட்டையைக் கரி பூசியதாக்கிவிடும். 0 முதல் 255 வரையிலான அளவில், அடிப்படை நிறம் எந்த இடத்திலும் 30-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்கும்போதே 24 கட்டமுள்ள நிற அட்டையை ஒரு படத்தில் வைத்துவிடுவது பின்னால் பெரிய உதவி. இலையைப் பிறகு ஸ்கேனரில் எடுக்கும்போதும் அதே அட்டையையே வையுங்கள். அடிமரம் சிவந்தும் இலை நீலம் பாய்ந்தும் இருப்பது, இரண்டு கருவிகளின் வெள்ளைச் சமநிலை வேறாக இருப்பதால்தான்.

பிளவுகள் பள்ளமாக இல்லாமல் மேடாகத் தெரிகின்றன

நார்மலை நிறமாகப் பதிந்த படமான நார்மல் மேப்பின் பச்சை அலைவரிசை தலைகீழாக இருக்கிறது. பிளெண்டரும் யூனிட்டியும் ஓப்பன்ஜிஎல் முறையைப் பின்பற்றுகின்றன. அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையை; இரண்டிலும் பச்சையின் திசை எதிரெதிர். இறக்குமதியில் பச்சையைத் திருப்பும் தேர்வு இருக்கிறது, அதைச் சொடுக்கினால் முடிந்தது. திருப்பியும் பட்டை வினோதமாக மினுங்கினால், அந்தப் படத்தை எஸ்ஆர்ஜிபி நிறப் படமாக ஏற்றியிருப்பீர்கள். நார்மல், ரஃப்னஸ் (சொரசொரப்பு) இரண்டுக்கும் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும்.

அருகில் நிற்கும் மனிதர் எறும்பளவு இருக்கிறார்

புகைப்படத்தில் அளவு என்று ஒன்று இல்லை. ஒரு மீட்டர் அளவுகோலை மரத்தடியில் வைத்து எடுத்திருந்தால் அதைக் காட்டி அளவை நிறுவலாம். இல்லாவிட்டால் மார்பளவு உயரத்தில் நாடாவால் சுற்றளவை எடுத்து வந்து பொருத்தலாம். பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர், அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர். நூறு மடங்கு பிசகு வந்தால் ஏற்றுமதி அமைப்பில்தான் தேட வேண்டும். கிளை வளர்க்கத் தொடங்குமுன் அளவைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு செய்தால் கிளைத் தடிமன், இலையளவு, காற்றின் வேகம் எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

கிளை தொடங்கும் இடத்தில் வளையம் தெரிகிறது

மரத்தின் பிற குறைகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. ஸ்கேன் கைக்கும் முக்காலிக்கும் எட்டிய உயரம்வரைதான் வந்திருக்கும். அதற்கு மேலே மொட்டையாக நிற்கும் கவட்டைகளில் நிரல் வளர்த்த கிளைகளைச் சொருகியிருப்பீர்கள். பிவிசி குழாயில் சாக்கெட் மாட்டியதுபோல் ஒவ்வொரு கவட்டையிலும் ஒரு வளையம். இதில் மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வரிசைப்படி அவிழ்க்க வேண்டும், ஏனென்றால் முதலாவது சரியாகாமல் இரண்டாவது சரியாகாது.

முதலாவது வடிவம். நிரல் தரும் கிளையின் குறுக்குவெட்டு வட்டம். ஸ்கேனின் குறுக்குவெட்டு கோணல்மாணல். கிளையின் அடியில் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியை ஸ்கேனிலேயே விட்டுவையுங்கள். அந்தப் புடைப்பைத் தாண்டி, வெட்டுமுகம் ஓரளவு உருண்டையாகும் இடத்தில் அறுங்கள். அறுத்த விளிம்பை 32 புள்ளிகளுள்ள ஒரே வளையமாக எளிமையாக்குங்கள். கிளையின் முதல் வளையத்திலும் 32 புள்ளிகளே இருக்கட்டும். புள்ளிக்குப் புள்ளி ஒட்டவையுங்கள். ஒட்டும்போது தொடக்கப் புள்ளி எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வளையங்களும் வெவ்வேறு இடத்தில் தொடங்கினால் கிளை முறுக்கிக்கொள்ளும். சாம்பல் நிறத்தில் அது தெரியாது, பட்டை போட்டதும் பிளவுகள் திருகித் திருகிப் போகும்.

ஒட்டிய பிறகு கோணல் வடிவம் வட்டமாக மாறக் கொஞ்சம் நீளம் கொடுங்கள். கிளையின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு நன்றாக இருக்கிறது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளை என்றால் 45 சென்டிமீட்டர் தூரத்துக்குள் மெல்ல மெல்ல வட்டமாகட்டும். பிளெண்டரில், ஒரு வடிவத்தை இன்னொன்றின்மேல் ஒட்டவைக்கும் ஷ்ரிங்க்ராப் மாடிஃபையரின் பாதிப்பை வெர்டெக்ஸ் (வடிவத்தின் மூலைப்புள்ளி) குழுவால் படிப்படியாகக் குறைத்து இதைச் செய்யலாம்.

இரண்டாவது நார்மல். வடிவம் பொருந்திய பிறகும் ஒரு கோடு தெரிந்தால், விளிம்பின் இருபுறமும் நார்மல்கள் வேறு திசை பார்க்கின்றன. டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரால் ஸ்கேனின் நார்மலைக் கிளையின் முதல் சில வளையங்களுக்கு மட்டும் மாற்றுங்கள். ஏற்றுமதி செய்தபின் கோடு திரும்பி வந்தால், எஞ்சின் தானாக நார்மலைக் கணக்கிட்டுவிட்டது. இறக்குமதியில் ‘கோப்பிலுள்ள நார்மலைப் பயன்படுத்து’ என்ற பொருள்தரும் தேர்வைத் தேடுங்கள்.

மூன்றாவது பட்டை. முன்பு எழுதி வைத்த 2560-ஐ எடுங்கள். அதே டெக்ஸ்சரை 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கிளையில் ஒருமுறை சுற்றினால் மீட்டருக்கு 10,240 பிக்சல் ஆகிவிடும். பிளவின் அகலம் கால்பங்காகக் குறையும். நீளவாக்கில் அளவை மாற்றாமல் விட்டிருந்தால் நான்குக்கு ஒன்று என்று இழுபடும். சுற்றளவுக்கு ஏற்ப நீளவாக்கு அளவை மாற்றினால் இழுப்பு போய்விடும். ஆனாலும் அது பொய்யான பட்டைதான்: முதிர்ந்த அடிமரத்தின் ஆழ்ந்த பிளவு, சிறு உருவில், கை தடிமனுள்ள கிளையில் இருக்கிறது. வேம்பின் இளங்கிளை வழுவழுப்பானது. ஆழ்ந்த பிளவு வயதான பிறகு வருவது. ஆகவே பட்டை ஒன்று போதாது. அடிமரம், நடுக்கிளை, சிம்பு என்று மூன்று மாதிரிகள் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கிளைக்குத் தனி முப்பரிமாண ஸ்கேன்கூட வேண்டாம். வெட்டிப் போட்ட கிளை ஒன்றைத் திருப்பித் திருப்பி எடுத்தால் போதும்.

ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வெர்டெக்ஸ் நிறத்தை மாஸ்க்காகக் கொடுத்து, சீராகக் கரைத்துவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் நடுவில் இரண்டும் கலங்கிய ஒரு மங்கல் பட்டை வந்து நிற்கும், அதுவே புதிய வளையம். மாஸ்க்கை, பட்டையின் மேடுபள்ளத்தைக் காட்டும் உயரப் படத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மேடுகள் முதலில் இளம்பட்டையாக மாறட்டும், பிளவின் ஆழங்கள் கடைசிவரை முதிர்பட்டையாகவே நிற்கட்டும். விளிம்பு ஒழுங்கற்றுப் போகும். கண் அதைத் தேடாது.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் மரத்தையே உதவிக்கு அழைக்கலாம். ஆட்டுக்குத் தழை ஒடித்த வேம்பில் வெட்டுத் தழும்புகளும் முண்டுகளும் ஏராளம். அவற்றில் இரண்டு மூன்றைத் தனியாக ஸ்கேன் செய்து வைத்திருந்தால், வளையம் தெரியும் இடத்தில் ஒன்றைப் பதித்துவிடலாம். தொலைவில் நிற்கும் மரங்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். முழுமையாக வோக்ஸெல் ரீமெஷ் (சிறு கனசதுரங்களாக்கி மேற்பரப்பை மறுபடி பின்னுதல்) செய்து, எல்லாவற்றையும் ஒரே மெஷ்ஷாக்கி, டெக்ஸ்சரை மறுபடி பேக் செய்யும் (பழைய உருவிலிருந்து படமாகப் பதிக்கும்) வழியும் உண்டு. யூவி (டெக்ஸ்சரை வடிவத்தின்மேல் விரிக்கும் வரைபடம்) முழுவதும் போய்விடும், கிளையை மாற்ற நினைத்தால் திரும்ப முதலிலிருந்து. கேமரா முட்டிக்கொண்டு நிற்கப்போகும் ஒற்றை மரத்துக்கு மட்டும் அது தகும்.

எலும்புக்கூடே செயற்கையாக இருக்கிறது

இலைகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். எல்லாக் கிளைகளும் ஒரே கோணத்தில் பிரிகின்றனவா? அப்படியானால் இயல்பு மதிப்புகளை நீங்கள் தொடவில்லை. பிளெண்டரில் மரம் வளர்க்கும் சாப்ளிங் ஆட்-ஆன், வெபர், பென் இருவரும் 1995-இல் வெளியிட்ட முறையின்படி இயங்குகிறது. அதில் ஒவ்வொரு நிலைக் கிளைக்கும் கோணமும் அதன் மாறுபாடும் தனித்தனி எண்கள். மாறுபாடு சுழியமாக இருந்தால் மரம் வரைபடமாகிவிடும்.

கோணம் சரியாக இருந்தும் உறுத்தினால், தடிமனைப் பாருங்கள். பிரிவுக்குப் பின் வரும் கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளைக் கூட்டினால் தாய்க்கிளையின் பரப்பு கிடைக்கும் என்று லியோனார்டோ டா வின்சி குறித்துவைத்தார். எல்லா மரங்களும் இதற்குத் துல்லியமாகக் கட்டுப்படுவதில்லை என்றாலும் கண்ணுக்கு இது நல்ல அளவுகோல். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளை சமமாக இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். ஒன்று 10 சென்டிமீட்டராக மெலிந்தால் மற்றது 28-க்கு மேல். நிரல்கள் பெரும்பாலும் பக்கக்கிளையைச் சிறிதாக்கிவிட்டு, தாய்க்கிளையை நுனி நோக்கிச் சீராக மெலிய விடும். பிரியும் இடத்தில் தடிமன் படியிறங்குவதில்லை. உறுத்தலின் காரணம் அதுதான்.

தலை வடிவமே சரியாக வரவில்லை என்றால் முறையை மாற்றிப் பாருங்கள். ரூனியன்ஸ், லேன், புருசின்கீவிச் ஆகியோர் 2007-இல் முன்வைத்த இடப்பிடிப்பு முறையில், தலை இருக்க வேண்டிய வெளியில் புள்ளிகளைத் தூவிவிட்டால் கிளைகள் அவற்றை நோக்கிப் போட்டி போட்டு வளரும். மதில் பக்கம் புள்ளி தூவாமல் விட்டால் மரம் தெருப்பக்கம் சாய்ந்து வளரும். கோண எண்களை வைத்து அந்தச் சாய்வை வரவழைப்பது பெரும்பாடு.

தழை வேம்பாக இல்லை

வேம்பின் இலை கூட்டிலை. 20 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு காம்பின் இருபுறமும் 20 முதல் 30 சிற்றிலைகள். நுனிச் சிற்றிலை பல இலைகளில் இருக்காது. சிற்றிலைகளை நேரடியாகச் சிம்பில் ஒட்டினால் தூரத்திலிருந்தே வேறு மரமாகத் தெரியும். இலையை முழுக் காம்போடு ஓர் அலகாக வைத்து, சிம்பின் நுனியில் நெருக்கமாக ஒட்டுங்கள். உள்ளே வெறுமையாக விடுங்கள். இடைவெளியைப் பார்த்துப் பயந்து நிரப்புவதுதான் தழை கெடுவதற்கு முதற்காரணம்.

காம்போடு சரியாக ஒட்டியும் எதுவோ பிசகினால் ஒரு சிற்றிலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுநரம்பின் இருபுறமும் சமமாக இருக்காது. அடிப்பகுதி ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும், முழுவதும் லேசாக வாள்போல் வளைந்தும் இருக்கும். காம்பின் இடப்பக்கத்தில் இருப்பதும் வலப்பக்கத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஒரே சிற்றிலையைச் சுழற்றி இருபுறமும் வைத்தால் ஒரு பக்கத்து வளைவு நுனியைப் பார்த்தும் மறுபக்கத்து வளைவு அடியைப் பார்த்தும் போகும். சுழற்றாதீர்கள், பிரதிபலியுங்கள்.

ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 30 சென்டிமீட்டர் என்றால் அதுவே ஏழாயிரம் பிக்சலைத் தாண்டும். அதைவிட நீளமான இலை ஏ4 கண்ணாடியில் அடங்காது, இரண்டு துண்டாக எடுத்து ஒட்டுங்கள். பறித்த இலையை நனைத்த செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வாடிச் சுருண்ட சிற்றிலையைக் கண்ணாடியில் அழுத்தினால் வடிவமே மாறிவிடும். பழுப்புச் சிவப்பான தளிர், முற்றிய இலை, மஞ்சளித்த இலை மூன்றையும் எடுங்கள்.

இலை விளிம்பில் வெள்ளைக் கோடு

ஸ்கேனர் மூடியின் வெள்ளை. ஒளிபுகுதலைக் குறிக்கும் ஆல்ஃபாவால் வெட்டிய பிறகும், வெட்டுக்கு வெளியே வெள்ளை அப்படியே இருக்கிறது. டெக்ஸ்சரைச் சிறிதாக்கும்போது அது உள்ளே கசிகிறது. விளிம்பு நிறத்தை வெளிப்புறமாக நீட்டிவிடுங்கள், மிச்ச இடத்தை இலையின் சராசரிப் பச்சையால் நிரப்புங்கள். பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது சில மென்பொருள்கள் ஒளிபுகும் பகுதியின் நிறத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஆல்ஃபாவைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை.

தலை முழுக்கக் கருந்திட்டுகள்

ஒவ்வோர் இலை அட்டையும் (இலைப் படம் ஒட்டிய தட்டை வடிவம்) ஒவ்வொரு திசையைப் பார்ப்பதால் வெளிச்சம் சிதறுகிறது. தலையைச் சுற்றி ஒரு கோளத்தை வைத்து, அதன் நார்மலை இலைகளுக்கு மாற்றுவது பழைய, நல்ல மருந்து. முழுவதும் மாற்றினால் கிட்டத்தில் தனியிலைகளின் வடிவம் செத்துவிடும். பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். அன்ரியலில் இருபக்க மெட்டீரியல், பின்பக்கத்தின் நார்மலைத் தானே திருப்பிவிடும். கோள நார்மலோடு அது மோதினால் பாதி இலைகள் கறுக்கும். எந்தப் பக்கம் என்று சொல்லும் டூசைடட்சைன் மதிப்பால் பெருக்கித் திருப்பலை நீக்குங்கள்.

நார்மல் சரியாக இருந்தும் மாலை வெயிலுக்கு எதிரே மரம் கறுப்பாக நின்றால், இலைக்குள் ஒளி ஊடுருவவில்லை. அன்ரியலில் டூசைடட் ஃபோலியேஜ் ஷேடிங் மாடலைத் தேர்ந்தெடுத்து, ஊடுருவும் நிறத்தைக் கொடுங்கள். இலையின் பின்னாலிருந்து விளக்கடித்து எடுத்த ஒரு படம் இருந்தால் நரம்புகள் கறுத்து, சதை மஞ்சள்பச்சையாக ஒளிரும். அதையே நேரடியாகப் பயன்படுத்தலாம்.

விலகிப் போகப் போகத் தலை மொட்டையாகிறது

வேம்புக்கு இது தனித்த சாபம். சிற்றிலை நுனி அவ்வளவு மெல்லியது. மூல டெக்ஸ்சரில் ஐந்து பிக்சல் அகலமுள்ள நுனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது மிப்பில் (நான்கு முறை பாதியாக்கிய டெக்ஸ்சரில்) ஒரு பிக்சல் என்பது மூலத்தின் 16 பிக்சல் அகலம். அங்கே ஆல்ஃபா சராசரி 5/16, அதாவது 0.31. வெட்டும் எல்லை 0.5 என்றால் நுனி காணாமல் போகும். ஒவ்வொரு மிப்பிலும் மொத்த மூடுபரப்பு மாறாதபடி ஆல்ஃபாவை உயர்த்தினால் போதும் என்று இக்னாசியோ காஸ்டான்யோ 2010-இல் விளக்கினார். இப்போது அது யூனிட்டியில் பிரிசர்வ் கவரேஜ் என்ற ஒரு தேர்வு. அன்ரியலில் டெக்ஸ்சர் அமைப்பில் ஆல்ஃபா கவரேஜ் எல்லைகளாக இருக்கிறது. மெட்டீரியலில் வைத்திருக்கும் வெட்டும் எல்லையையே அங்கேயும் கொடுங்கள்; இரண்டும் வேறாக இருந்தால் பயனில்லை.

அன்ரியலின் நானைட்டில் (முக்கோணங்களைத் தொலைவுக்கேற்பத் தானே குறைக்கும் அமைப்பு) இலைகளை உண்மையான மெஷ்ஷாகவே வைத்திருப்பவருக்கு இதே நோய் வேறு வழியில் வரும். முக்கோணங்களைக் குறைக்கும்போது மெல்லிய இலைகள் முதலில் மறைகின்றன. மெஷ்ஷின் நானைட் அமைப்பில் பிரிசர்வ் ஏரியாவைச் சொடுக்குங்கள். மிஞ்சும் இலைகள் கொஞ்சம் பெருத்து, இழந்த பரப்பை ஈடுகட்டும்.

காற்று வந்தால் மரம் பிய்கிறது

எங்கே பிய்கிறது என்று பாருங்கள். கவட்டையில் பிய்ந்தால், ஸ்கேன் அசையாமல் நிற்க, கிளையின் முதல் வளையம் அசைகிறது. அந்த வளையத்தின் அசைவு எடையை ஸ்கேன் விளிம்பின் எடைக்கே சமமாக்கி, அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

இலை காம்பைவிட்டுப் பறந்தால், வெர்டெக்ஸ் நிறம் காம்பின் அடியில் சுழியத்தில் தொடங்கவில்லை. விளையாட்டு நிறுவனமான கிரைடெக் 2007-இல் வெளியிட்ட முறையில் சிவப்பு இலை விளிம்பின் அசைவுக்கும், பச்சை ஒவ்வோர் இலையும் ஒரே தாளத்தில் ஆடாமலிருக்க வேண்டிய மாறுபாட்டுக்கும், நீலம் மொத்த விறைப்புக்கும் ஒதுக்கப்பட்டன. பச்சை எல்லா இலைக்கும் ஒன்றாக இருந்தால் தலை முழுவதும் சேர்ந்து குழையும்.

ஒவ்வொரு கிளையின் சுழல்மையத்தையும் டெக்ஸ்சரில் சேமிக்கும் பிவட் பெயின்டர் கருவியைப் பயன்படுத்தும்போது கிளைகள் எங்கோ தூரத்தில் போய் விழுந்தால், மையப்புள்ளிகளைச் சேமித்த டெக்ஸ்சர் சுருக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மிப் கூடாது, வடிகட்டல் நியரஸ்ட், எஸ்ஆர்ஜிபி கூடாது, சுருக்கம் எச்டிஆர். எல்ஓடி குறைப்பில் இரண்டாவது யூவி சிதைந்தாலும் இதே விபத்து நடக்கும்.

எல்லாம் சரி, வேகம்தான் இல்லை

முக்கோண எண்ணிக்கையைக் குறைக்க ஓடாதீர்கள். இலை அட்டைகளில் காலியான ஆல்ஃபா எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கூட்டிலையை ஒரு செவ்வகத்தில் வைத்தால் பரப்பின் பெரும்பகுதி வெறுமை. அந்த வெறுமைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது ஒவ்வொன்றையும் எஞ்சின் கணக்கிட்டுத்தான் தூக்கி எறிகிறது. இலையின் வெளிக்கோட்டை ஒட்டி அட்டையை வெட்டுங்கள்; முக்கோணம் கூடும், வேகமும் கூடும்.

அன்ரியல் 5.1 முதல் நானைட்டில் ஆல்ஃபா வெட்டும் காற்றசைவும் இயங்குகின்றன. இயங்குவதாலேயே மலிவாகிவிடவில்லை. அசையும் இலைகள் விர்ச்சுவல் ஷேடோ மேப்பில் சேமித்த நிழலை ஒவ்வொரு ஃபிரேமிலும் செல்லாததாக்குகின்றன. மெஷ்ஷில் வேர்ல்ட் பொசிஷன் ஆஃப்செட்டை (காற்றசைவுக்கு இலைகளை நகர்த்தும் கணக்கு) நிறுத்தும் தூரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தெருவின் அகலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வைத்துத் தொடங்கி, அசைவு நிற்பது கண்ணுக்குத் தெரியாத அளவுவரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.